சவேலியின் மணல்திட்டு

வோல்கா இடக்கரை, லுகவோயே
1963 அக்டோபர், முதல் பனி விழுந்த மூன்றாம் நாள்

அன்பு மகள் லீப்பாவுக்கு,

உன் அப்பா இந்தக் கரையில் மூச்சும் நடையுமாக இருக்கிறேன். அந்தப் பெருங்கடல் ஓரத்தில் நீயும் மாப்பிள்ளை அர்க்காதியும் பேத்தி நாஸ்த்யாவும் அதேபோல் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். மாப்பிள்ளைக்குத் தலை தாழ்ந்த வணக்கம், அவரைப் பெற்ற அம்மாவுக்குத் தனியாக ஒரு வணக்கம், பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் வழக்கம்போல் நம் தபால்காரி ஃப்ரோஸ்யாதான். போன கடிதத்தில் நான் சொன்ன வசவுகளையெல்லாம் விட்டுவிட்டு எழுதியிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது, இந்தத் தடவை ஒரு சொல் குறையக்கூடாது என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன், "நீங்க மூச்சு விட்டுச் சொன்னா நான் ஏன் தாத்தா விடப்போறேன்" என்கிறாள். நீ அனுப்பிய கம்பளிக் காலுறையும் மீன்முட்டை டப்பாவும் உடையாமல் வந்து சேர்ந்தன. டப்பாவை ஃப்ரோஸ்யாவும் நானும் ஒரே வேளையில் தீர்த்துவிட்டோம், திட்டாதே. பசு ஸோர்கா கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. கூரை மேற்கு மூலையில் ஒழுகியது, தார்த் துணி போட்டு அடைத்தாயிற்று. இந்த வருஷம் தர்பூசணி நிறைய, ஒரு பீப்பாய் முழுக்க உப்பில் போட்டு வைத்திருக்கிறேன், காய்ந்த மீன் மட்டும் உனக்குத் தபாலில் வரும், தர்பூசணியைத் தபாலில் எடுக்க மாட்டேன் என்கிறாள் இவள்.

உன் கடிதத்தின் கடைசியில் ஒரு விஷயம் எழுதியிருந்தாய், ஃப்ரோஸ்யாவை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். ஊரே அங்கே வெந்நீர் ஊற்றில் இறங்கிக் குளிக்கும்போது நீ மட்டும் கரையில் துணிமணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயாம், நாஸ்த்யா வந்து "நீ மட்டும் ஏம்மா தண்ணியில எறங்கவே மாட்டேங்கற" என்று கேட்டாளாம், உனக்குப் பதில் வரவில்லையாம். பதில் என்னிடம் இருக்கிறது மகளே. பதினைந்து வருஷமாக என்னிடமே இருந்தது. இப்போது சொல்லலாம், ஏனென்றால் போன மாதம் அது தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது.

உனக்குப் பன்னிரண்டு வயது, நாற்பத்தெட்டாம் வருஷத்துக் கோடை. தோழிகளோடு பந்தயம் கட்டி கப்பல் பாதையில் நான் விளக்கு ஏற்றிக் காக்கும் மிதவைகளில் ஏழாவது வரைக்கும் நீந்திப் போய் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாய், காலால் உதைத்துக் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் படகில் வந்து உன்னை மயிரைப் பிடித்துத் தூக்கிப் போட்டு ஈரக் கயிற்றால் அடித்தேன், எத்தனை அடி என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் உன்மேல் நான் கை வைத்ததில்லை. மூன்று வாரம் என்னோடு பேசவில்லை நீ. "எல்லாப் பிள்ளைகளும்தானே மிதவைய பிடிச்சு வெளையாடுது, எங்கப்பா மட்டும் ஏன்" என்று உன் அம்மாவிடம் அழுதாய், அவள் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு வளர்ந்து படித்து, ரயில் போய் முடிகிற இடத்துக்கும் அப்பால் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போனாய். அத்தனை தூரம் ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

இந்தப் பிப்ரவரியில் நகரத்திலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார், நம் நகரத்துச் சண்டை முடிந்து இருபது வருஷம் ஆன விழா. கழகக் கூடத்தில் பெரிய வரைபடத்தை மாட்டி, நீளக் கோலால் தொட்டுத் தொட்டு, இங்கேதான் யுத்தம் திரும்பியது, இந்தத் தேதியில் திரும்பியது என்று சொன்னார், நன்றாகத்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியவரே, நீங்க அப்ப இங்கதானே இருந்தீங்க, திருப்பத்த கண்ணால பாத்திருப்பீங்களே" என்றார். பின்வரிசையிலிருந்து எவனோ, "அவரு பாத்தது ஒரு மணல்திட்டுதான், அதுவும் அவரு கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்" என்றான், கூடமே சிரித்தது. நான் எழுந்து, விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது உனக்குச் சொல்கிறேன்.

நாற்பத்திரண்டு ஜூலைக் கடைசியிலேயே ஜெர்மன்காரன் விமானத்தில் வந்து நம் ஆற்றில் கண்ணிவெடி போடத் தொடங்கிவிட்டான். பாராசூட்டில் மெதுவாக இறங்கும், தண்ணீரில் விழும், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரும்புக் கப்பல் மேலே போனால் வெடிக்கும். சிலது தந்திரக்காரப் பிசாசு, நாலு கப்பலைச் சும்மா போக விட்டு ஐந்தாவதில் வெடிக்கும். மிதவைக்காரர்கள் எல்லாரும் எது எங்கே விழுகிறது என்று பார்த்து வைக்க வேண்டும் என்று உத்தரவு. எழுதத் தெரிந்தவன் எழுதினான். நான் முளை அடித்தேன். ஒவ்வொரு வெடிக்கும் கரையில் இரண்டு முளை, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, பின்முளையில் கண்ணை வைத்து முன்முளைக்கு மேலாகப் பார்த்தால் அந்தக் கோட்டில் வெடி கிடக்கும். கரையிலிருந்து எத்தனை துடுப்பு வீச்சு என்பதை முன்முளையில் வெட்டி வைப்பேன். காய்ந்த ஓக் கட்டையில்தான் செய்தேன், சீக்கிரம் மக்கிவிடக்கூடாது என்று ஒரு பெருமை. பச்சை நீர்வஞ்சிக் கொம்பை நட்டிருந்தால் அது எரிந்திருக்காது, ஈரக் கரையில் வேர் விட்டு இன்றைக்கு மரமாகவே நின்றிருக்கும். இந்த எண்ணம் இருபது வருஷமாக என்னைக் குடைந்தது.

ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி நகரம் எரிந்தது உனக்கு நினைவிருக்கும், ஆறு வயது. எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து ஆற்றின் மேலேயே தீ மிதந்து வந்தது, என் மேல்பக்கத்து மிதவைகள் மூன்று தண்ணீருக்கு நடுவில் எரிந்து போயின. அதற்குப் பிறகு நாங்கள் தகர மூடி போட்ட விளக்குதான் ஏற்றினோம், மேலேயிருந்து விமானத்துக்குத் தெரியாது, எதிரே வருகிற படகுக்கு மட்டும் தெரியும். இலையுதிர் காலம் முடியும்போது என் கணக்கில் ஏழு வெடி. ஒரு குச்சியிலும் ஏழு வெட்டு வெட்டி வைத்திருந்தேன். நவம்பரில் பனிக்கட்டி மிதந்து வரத் தொடங்கிய பிறகு, அந்தத் துண்டுகளுக்கு நடுவிலேயே பட்டாளமும் டாங்கியும் குதிரையும் நம் துறையிலிருந்து அக்கரைக்குப் போயின, ஒரு வாரம், பத்து நாள், ஓய்வே கிடையாது. எதற்கு இத்தனை என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் வேலை அவர்களை ஏழு வெடிக்கும் விலக்கிக் கொண்டுபோய் விடுவது. ஒரு படகுகூட என் பகுதியில் வெடிக்கவில்லை. இருபதாம் தேதி காலையில் மூடுபனி, தெற்கே அக்கரையில் பீரங்கி தொடங்கியது, வீட்டுச் சட்டிபானை எல்லாம் தட்டிக்கொண்டன. அதுவரைக்கும் சத்தம் எங்களை நோக்கி வரும் மகளே, அன்றைக்குத்தான் முதல்முதலாக எங்களை விட்டு விலகிப் போனது. உன் அம்மா கையில் சல்லடையோடு வாசலில் நின்று, "ஏ மனுசா, சத்தம் அந்தப் பக்கமா நடக்குது பாரு" என்றாள். பேச்சாளர் கோலால் தொட்ட இடம் அதுதான்.

மேல்பக்கத்து மூன்று வெடிகளைக் கடற்படைக்காரர்கள் உறைபனிக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். மீதி நான்கு வசந்தத்துக்கு என்று நின்றது. நான் வீட்டில் சொன்னேன், முதல் மூணும் முடிஞ்சுது என்று. ஆற்றுக்காரன் எண்ணுவது தண்ணீர் வருகிற பக்கத்திலிருந்து, எனக்கு வேறு விதமாக எண்ண வராது. உன் அம்மா புல்வெளி ஊரில் பிறந்தவள், அவள் எண்ணுவது வீட்டு வாசலிலிருந்து. நம் வீடோ கீழ்க்கோடியில். அவளுடைய முதல் முளை என்னுடைய ஏழாவது. இருபது வருஷக் கதையும் இந்த ஒரு எண்ணிக்கையில் இருக்கிறது.

ஜனவரியில் என்னை உறைந்த ஆற்றுக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், கிளைகளைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து லாரி போகப் பாதை கெட்டிப்படுத்தும் வேலை, பத்து நாள் வீட்டுக்கு வரவில்லை. உனக்கு அப்போதுதான் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். வேலி, தொழுவம், கதவு எல்லாம் பதுங்குகுழிக்குப் போய்விட்டிருந்தன, ஏணியையும் அம்மா எரித்துவிட்டாள். உன் உதடு நீலமாகிவிட்டது. அவள் பனியைத் தோண்டி, கோடரிப் பின்புறத்தால் தட்டி அசைத்து, முடிந்துபோன முதல் முளை என்று நினைத்து அந்த இரண்டு ஓக் கட்டைகளையும் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். அந்தச் சூட்டில் உனக்கு வேர்த்தது, காய்ச்சல் இறங்கியது. மறுநாள் ஒரு லாரிக்காரன் உடைந்த வண்டிப் பலகையைக் கொடுத்துவிட்டுப் போனானாம், பெயர்கூடச் சொல்லவில்லையாம், அவன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். நான் வந்தபோது நீ உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாய். அம்மா சிரித்துக்கொண்டே, "உன் குச்சிங்க ரெண்டு எரிச்சுட்டேன், பயப்படாத, வேலை முடிஞ்சதுங்கதான்" என்றாள். நான் வெளியே போய்ப் பார்த்தேன். அதற்குள் அந்த இடத்தில் கரையை வெட்டி லாரிப் பாதை போட்டிருந்தார்கள், டாங்கி உழுது வைத்திருந்தது. மூன்று நாள் தோண்டினேன், குழி அகப்படவில்லை. பதினேழு துடுப்பு என்பது மட்டும் நினைவிருந்தது, எந்தத் திசையில் பதினேழு என்பதைச் சொல்ல முளை இல்லை. பிப்ரவரி இரண்டாம் தேதி பீரங்கி நின்று, ஆறு மாதத்தில் முதல்தடவையாக ஊர் அமைதியாகி, ஆற்றுப் பனி விரிசல் விடும் சத்தம் காதில் விழுந்தபோது எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன், என் அழுகையில் பாதி வேறு.

வசந்தத்தில் லெப்டினன்ட் வந்தார், கையில் காகிதம். "காகிதத்துல ஏழு இருக்கு, கரையில ஆறு ஜோடிதான் நிக்குது. என்னய்யா?" என்றார். அந்த நாளில் ஒரு மூட்டை தானியம் குறைந்தாலே ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள், ராணுவ அடையாளத்தை அடுப்பில் வைத்தவளை என்ன செய்வார்கள்? பின்னால் வாசலில் நீ அம்மா பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான்தாங்க தப்பா எண்ணிட்டேன், எழுதப் படிக்கத் தெரியாதவன் என்றேன். "எழுதத் தெரியாது சரி, ஏழு வரைக்கும் எண்ணவுமா தெரியாது" என்று திட்டி, ஏழு என்பதை அடித்து ஆறு என்று எழுதினார். ஒரு வாளி கூர்மூக்கு மீனைக் கொடுத்து, அந்தப் பக்கம் வெடி துழாவும் வலையை இன்னும் இரண்டு தடவை இழுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். மீன் நன்றாயிருந்தது போலும், இழுத்தார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. போய்விட்டார்கள். மே மாதம் எண்ணெய்க் கப்பல்கள் வரத் தொடங்கின.

அன்றைக்குத்தான் எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு மிதவையை நானாகச் செய்து, கரையிலிருந்து பதினேழு துடுப்பில், மனதில் பட்ட திசையில் கட்டினேன், அதுதான் நீ பிடித்துத் தொங்கிய ஏழாவது. கேட்டவர்களிடம் அங்கே மணல்திட்டு வளர்கிறது, விலகிப் போங்கள் என்றேன். கப்பல்காரர்கள் ஊதலை ஊதி, "தாத்தா, உங்க திட்டு இன்னும் தலைய தூக்கலையா? பேரன் பேத்தி எடுத்துருச்சா?" என்று கேட்டுப் போவார்கள். சவேலியின் மணல்திட்டு என்றே பெயர் வந்துவிட்டது. அந்த விளக்குக்கு அரசாங்க மண்ணெண்ணெய் கிடையாது, நம் வீட்டு எண்ணெய்தான். நீ அடுப்பு வாயில் உட்கார்ந்து பாடம் படித்தது அதனால்தான், விளக்கு கேட்டு அழுதபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அதனால்தான். உன் அம்மாவிடம் நான் ஒரு நாளும் சொல்லவில்லை, அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றும்போது அந்த ஒன்றுக்குத்தான் முதலில் ஊற்றுவாள், விளிம்பு வரை. அவளுக்குத் தெரிந்திருந்தது. ஐம்பதாம் வருஷம் ஆற்றுப்பாதை மேற்பார்வையாளர் ஒருவர் வந்து ஈயக் குண்டு கட்டிய கயிற்றை விட்டு ஆழம் பார்த்தார், ஒன்பது மீட்டர். கயிற்றைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு இடது கையில் மூன்று விரல்தான், யுத்தத்தில் போனது. "கொஞ்சம் ஆழமான மணல்திட்டுதான்... இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்டினார். அந்த மனிதரை நினைக்காமல் நான் படுத்ததில்லை.

இப்போது போன மாதம். மேலே புது அணை வந்ததிலிருந்து ஆற்றின் அடி மாறிவிட்டது, பாதையை ஆழப்படுத்தத் தூர்வாரும் கப்பல் ஒன்று வந்தது, பன்னிரண்டு பேர், கேப்டன் மத்வேய் லுகீச் என்று கனத்த ஆள். நேராக என் மிதவைக்குத்தான் வந்தார்கள். நான் படகை எடுத்துப் போய், இங்கே தோண்டாதீர்கள், அடியில் கண்ணிவெடி இருக்கிறது என்றேன். கேப்டன் ஒலிபெருக்கியை எடுத்து ஆறு முழுக்கக் கேட்கும்படி, "போன வாரம் வரைக்கும் மணல்னீங்க, இன்னைக்கு வெடிங்கறீங்க, நாளைக்கு என்ன பெரியவரே, திமிங்கிலமா?" என்றார். என் பொய்யே என் வாயை அடைத்தது மகளே. அதனால் நங்கூரத்தைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ரொட்டியும் வெங்காயமும் இருந்தது, மழையும் வந்தது. "தாத்தா, என் மாச வேலை பூரா உங்க படகுக்கு அடியில கெடக்குது!" என்று கத்தினார். உங்க பன்னிரண்டு பேரு உசுரும் அங்கதான் கெடக்குது என்று நானும் கத்தினேன். மறுநாள் மத்தியானம் அவரே சின்னப் படகில் வந்து என் பக்கத்தில் கட்டினார், சூடாகத் தேநீர் கொண்டுவந்திருந்தார். ஏழு வெட்டு வெட்டிய குச்சியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், முளை, காய்ச்சல், அடுப்பு, லெப்டினன்ட், எல்லாம். உன் அம்மா உஸ்தீன்யா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, இனி அவளை யாரும் எதுவும் செய்ய முடியாது. அவர் வெகுநேரம் குச்சியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "ஒன்றரை நாள் ஒரு ஆளு வெடி மேல குந்தியிருந்தா, ஒண்ணு அவனுக்குப் பைத்தியம், இல்ல அவன் சொல்றது நெசம். எதுவானாலும் நான் வாளிய எறக்கப் போறதில்ல" என்று சொல்லி, தந்தி அடிக்கப் போனார்.

நாலாம் நாள் கடற்படை முக்குளிப்போர் வந்தார்கள். இரண்டு நாள் தேடினார்கள். என் மிதவையிலிருந்து தண்ணீர் ஓடும் பக்கம் ஐம்பத்திரண்டு அடி தள்ளி, ஓர் ஆள் உயர மணலுக்கு அடியில் கிடந்தது, கறுப்பாக, சினைப் பசு மாதிரிப் பருத்து. உள்ளே மருந்து அப்படியே இருக்கிறதாம், தூர்வாரி வாளி பட்டிருந்தால் கப்பலும் இல்லை ஆளும் இல்லை என்றார்கள். கட்டி இழுத்துப் போய் ஆளில்லாத தீவில் வெடிக்க வைத்தார்கள். கழகக் கூடத்து ஜன்னல் கண்ணாடி போனது, நம் குளியல் குடிலின் புகைபோக்கி விழுந்தது, ஃப்ரோஸ்யாவின் கோழி இரண்டு நாள் முட்டை வைக்கவில்லை, வேறு சேதம் இல்லை. பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து என் கையைக் குலுக்கினார்கள். பின்வரிசையில் கேலி பேசியவனும் வந்தான், "சவேலி மாமா, திட்டு பெரிசுதான்" என்று தலையைச் சொறிந்தான்.

ஓர் இளம் அதிகாரி வந்து அறிக்கை எழுதினார். முளை ஏன் காணாமல் போனது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மத்வேய் லுகீச் அவசரமாக, "வெள்ளத்துல போச்சுன்னு எழுதுங்க" என்றார், நல்ல மனசு. நான் வேண்டாம் என்றேன். நடந்தபடி எழுதுங்க, என் மனைவி உஸ்தீன்யா எரித்தாள், குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டில் வேறு விறகு இல்லை என்றேன். அவர் பேனா நின்றது. தலையைத் தூக்கி, "குழந்தை பொழச்சுதா?" என்றார். பிழைத்தாள், கம்சாத்காவில் இருக்கிறாள், மீன் தொழிற்சாலையில் பொறுப்பான வேலை, எனக்கு ஒரு பேத்தியும் இருக்கிறாள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். ஆகவே கடற்படைக் காகிதத்தில் ஏழு என்றும் இருக்கிறது, உன் அம்மா பெயரும் இருக்கிறது, நீ பிழைத்ததும் இருக்கிறது. அன்று சாயங்காலம் அம்மா கல்லறைக்குப் போய் சொல்லிவிட்டு வந்தேன், அவள் எண்ணினபடி முதலாவது, நான் எண்ணினபடி ஏழாவது, இரண்டும் முடிந்தது என்று. வீடு திரும்பி, பழக்கத்தில் அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய் நின்றேன். பிறகு அந்த எண்ணெயை வீட்டு விளக்கில் ஊற்றினேன். ஃப்ரோஸ்யா இப்போது எழுதுவது அந்த வெளிச்சத்தில்தான்.

நான் உன்னை அடித்தது தப்பு மகளே. பயத்தில் அடித்தேன், சொல்ல முடியாத பயம், ஆனாலும் அடி அடிதான், உன் காலுக்கு அடியில் என்ன கிடந்தது என்று உனக்கு எப்படித் தெரியும். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஃப்ரோஸ்யா இதை விடாமல் எழுது. மற்றபடி எனக்கு யார் மேலும் குறையில்லை. ஆறு என்னை ஏமாற்றவில்லை, இருபது வருஷம் ஒரு கப்பலையும் பலி கேட்கவில்லை. கட்டையை எரித்தவளுக்கு நன்றி, பலகை கொடுத்தவனுக்கு நன்றி, மூன்று விரல்காரருக்கு நன்றி, தேநீர் கொண்டுவந்தவருக்கு நன்றி. நீ இருக்கிறாய், அது எல்லாவற்றுக்கும் மேலே.

கடல்காற்றில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே, அந்த நெஞ்சு பழைய நெஞ்சு. மாப்பிள்ளை வானொலி அறையில் கண் விழிக்கும் வாரத்தில் குடிக்கக்கூடாது என்று நான் சொன்னதாகச் சொல், கோபித்துக்கொண்டால் நான் சொல்லவில்லை என்று சொல். உங்கள் மூவருக்கும் நோயில்லாத உடம்பும் நிறைந்த அடுப்பும் கிடைக்கட்டும், என் ஆயுளில் மிச்சம் இருப்பது பேத்திக்குச் சேரட்டும். மறக்காதே, ஜூலையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது நாஸ்த்யாவைக் கூட்டிக்கொண்டு வா. கரையிலிருந்து பதினேழு துடுப்பு, ஏழாவது மிதவை இருந்த இடம் வரைக்கும் இரண்டு பேரும் நீந்துங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் உதைத்துக் கத்திச் சிரியுங்கள். நான் பக்கத்தில் படகில் உட்கார்ந்திருப்பேன். கயிற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
சவேலி ப்ரோகரவிச்
(சொன்னபடியே எழுதினேன், ஒன்றும் விடவில்லை. கீழே உள்ள ஏழு கோடும் தாத்தா தன் கையால் போட்டவை. ஃப்ரோஸ்யா)